தவணை கட்டியாச்சு, வண்டியை ஏன் பூட்டுறே?



முன்னெல்லாம் தவணை தவறினால் ஆள் வருவான், சாவியைப் பிடுங்குவான். இப்போ ஆளே வேண்டாம். கடன் கொடுத்தவன் வண்டிக்குள்ளே மாட்டிவிட்ட சின்னப் பெட்டி போதும். உள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு ஜிபிஎஸ், ஸ்டார்ட்டர் ஒயரைத் துண்டிக்கும் ஒரு ரிலே. எங்கோ ஏ.சி. அறையில் ஒருத்தன் பட்டனைத் தட்டினால் இங்கே இன்ஜின் எடுக்காது. 2022-ல் உக்ரைனின் மெலிட்டோபோலில் இருந்து திருடி, செச்சினியாவுக்குக் கொண்டுபோன ஜான் டீர் அறுவடை இயந்திரங்களையும் தூரத்தில் இருந்தேதான் பூட்டினார்கள். திருடனுக்குப் பூட்டுப் போட்டது சரி. தவணை கட்டும் உழவனுக்கு எதுக்குங்க பூட்டு?

அந்தப் பெட்டியே பழுதானால்? ஒயர் இணைப்பில் தண்ணி இறங்கலாம், ரிலே கருகலாம். கட்டின பணம் கணக்கில் ஏறத் தாமதமாகலாம். பூட்டைத் திறக்கச் சொல்லும் தகவல், டவர் எட்டாத மலைமடிப்பில் வந்து சேராமலே போகலாம். புளியஞ்சோலை அடிவாரத்திலும் கொல்லிமலை மேலேயும் இருக்கிற நமக்கு இதைச் சொல்லியா தெரியணும்? பிடுங்கின மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும். வாழைத்தார் பழுத்துவிடும். பெட்டியை மாட்டியவன் அவன், நட்டம் மட்டும் நமக்கா?

வண்டியைப் பறிக்க அடியாட்களை ஏவக்கூடாது என்று 2007-லேயே ஐசிஐசிஐ வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நிதி நிறுவனம் வண்டியை எடுப்பதாக இருந்தால், எத்தனை நாள் நோட்டீஸ், என்ன நடைமுறை, விற்குமுன் கடைசி வாய்ப்பு என எல்லாமே கடன் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நகல் நம் கைக்கு வர வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. ஆளை வைத்துப் பறித்தாலும் பட்டனைத் தட்டிப் பறித்தாலும் பறிப்பு பறிப்புதான். இதுக்கும் அதே விதி பொருந்த வேண்டும் என்பதே நம் வாதம்.

வண்டி நின்றுபோனால் செய்ய வேண்டியவை:

1. பெட்டியை நாமே அறுத்து எறியக் கூடாது. பழியை நம் தலையில் கட்டுவான். தவணை ரசீது, நின்ற நாள், நேரம், போட்டோ, மெக்கானிக் எழுதித் தந்த சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

2. போனில் கத்திப் பயனில்லை. எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு செலவில்லை. விவரத்துக்கு 14448.

3. நட்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிழைப்புக்காக சொந்தமாக ஓட்டும் வண்டி என்றாலும் தடையில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அடிவாரத்துக்காரர்களுக்குத் திருச்சி, மலைக்காரர்களுக்கு நாமக்கல்.

நாம் கேட்பது இவ்வளவுதான்:

நோட்டீஸ் இல்லாமல் வண்டியைப் பூட்டாதே!

பழுதான பெட்டியை உன் செலவில் உடனே சரிசெய்!

வண்டி நின்ற நாளுக்கு நட்டஈடு கொடு, அந்த நாளுக்கு வட்டி வாங்காதே!

கடன் வாங்கினோம், மானத்தை அடகு வைக்கவில்லை. தனியாக நின்றால் பட்டன் அவன் கையில். ஒன்றாக நின்றால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். திரண்டு வாரீர்!