கடல் கடக்கும் முன்...



கரையான்சாவடி டீக்கடையில் இப்போ நம்ம பசங்க பேச்செல்லாம் 'நோமாட் விசா' பற்றித்தான். கம்பெனி ஒரு நாட்டில், லேப்டாப்போடு நாம் வேறொரு நாட்டில். கேட்கவே இனிக்கிறது!

மலேயா நமக்குப் புதிதா? 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை, கங்காணி முன்பணம் கொடுத்து நம் மக்களை ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். பலர் கடனோடுதான் கப்பலேறினார்கள். அதே மலேசியா 2022 முதல் 'டி.இ. ரந்தாவ்' என்ற அனுமதி தருகிறது. 3 முதல் 12 மாதம் தங்கலாம். மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் கணினித் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வேண்டும். 20 லட்சம் ரூபாய்க்கும் மேல்!

ஆக, இது வேலை தேடுகிறவனுக்கு அல்ல, வேலை உள்ளவனுக்கான விசா. லேத் மெஷினைத் தோளில் தூக்கிப் போக முடியாத மெக்கானிக்கல் நண்பனுக்கு இதில் இடமே இல்லை. விண்ணப்பத்தை நாமே இணையத்தில் போடலாம். பிறகு ஏஜென்டுக்கு எதற்குப் பணம்?

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஃபீஸுக்காக அம்மா அடகு வைத்த கம்மல் இன்னும் திரும்பவில்லை. இன்னொரு முறை அடகு வைக்க ஒன்றுமில்லை.

அன்று கடன் நம்மைக் கப்பலேற்றியது. இனி திறமை ஏற்றட்டும்!

முதலில் கற்போம்! பிறகு பறப்போம்!