சிக்கனம் யாருக்கு? காலனிக் கிறிஸ்துமசும் ஜனவரித் தவணையும்

டிசம்பர் பிறந்ததும் இரண்டு குரல்கள் காலனிக்குள் வருகின்றன. ஒன்று தவணைக்குத் துணி விற்க வருகிறவரின் குரல். மற்றொன்று சிக்கனம் போதிக்க வருகிறவரின் குரல். "இந்தக் கஷ்டகாலத்தில் உங்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு? இயேசு மாட்டுக்கொட்டிலில்தானே பிறந்தார்?" என்று கேட்கிறார் இரண்டாமவர். மாட்டுக்கொட்டிலைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதைக் கூட்டிப் பெருக்கி, சாணி அள்ளி வளர்ந்தவர்கள் நம் பாட்டிகள்.

இது கஷ்டகாலம்தான். அதை நாம் மறுக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. நம் மாவட்டத் தலைநகரான ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஏற்றுமதித் தோலையும் ஷூவையும் நம்பி இருக்கிற ஊர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது யார் என்று நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய கிறிஸ்துமசுக்கு நூறு நாள் வேலைக் கூலியே நின்றுபோயிருந்தது. தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடியற்காலை மின்சார ரயிலில் அரக்கோணத்திலிருந்து சென்னைக்குத் துப்புரவு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற அம்மாக்களைக் கேளுங்கள். விலைவாசி பற்றி அவர்கள் சொல்வது எந்தப் பொருளாதார நிபுணர் சொல்வதையும்விடத் தெளிவாக இருக்கும்.

ஆகவே செலவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் குறைப்பது, அதை யார் முடிவு செய்வது, முதலில் யார் குறைப்பது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாத சிக்கனப் பேச்சு சிக்கனமே அல்ல. அது சாதியின் பழைய கட்டளைதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

புதுத்துணி ஆடம்பரமா?

1930இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளைக் கள்ளர் சாதியினர் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஜே.எச். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில் 1936இல் நடந்ததை 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் எழுதுகிறார். தீர்த்த யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். பதார்த்தங்களில் நெய் சேர்த்திருந்தார். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே தடிகளோடு வந்த சாதி இந்துக்கள் உணவை நாசம் செய்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். நெய் வாங்க அவரிடம் பணம் இருந்தது. நெய் சாப்பிட அவருக்கு என்ன தகுதி என்பதுதான் அவர்களின் கோபம்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு ஒரு காலனி வீட்டின் கிறிஸ்துமசைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைக்கு யாரும் உடுத்திக் கழிக்காத துணி. அடுப்பில் பிரியாணி. வாசலில் ஒரு காகித ஸ்டார். இதில் எது ஆடம்பரம்? டிசம்பர் 31 இரவு பக்கத்துத் திருத்தணி மலையில் படித் திருவிழா நடக்கும். 365 படிகளுக்கும் பூசை செய்து பஜனைக் கோஷ்டிகள் பாடிக்கொண்டே ஏறும். அதை வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லை, நாமும் சொல்லவில்லை. ஊர் கொண்டாடினால் பண்பாடு, காலனி கொண்டாடினால் ஊதாரித்தனம் என்ற அந்தத் தராசைத்தான் கேள்வி கேட்கிறோம்.

"பண்டிகையே மூடத்தனம், மொத்தமாக விடுங்கள்" என்று சொல்கிற தோழர்களும் நம்மிடம் உண்டு. அவர்களோடு கடவுளைப் பற்றி வேறொரு நாள் வாதாடலாம். ஆனால் பன்னிரண்டு மாதம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கு அவள் வீட்டில் அவளே எசமானியாக இருக்கிற நாள் ஆண்டில் எத்தனை? அந்த ஒரு நாளைப் பிடுங்குவதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைக்காதீர்கள்.

எதை வெட்டுவது?

நாம் வெட்டச் சொல்வது வட்டியை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கிக் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் மாத வட்டி 1,000. அடுத்த கிறிஸ்துமசுக்குள் வட்டி மட்டும் 12,000. அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். ஒரு நாள் பிரியாணிக்கு வாங்கிய அசலைவிட அதிகமாக வட்டி கொடுத்த பிறகும் கடன் தீரவில்லை. நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த முழுக்கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்த வட்டியை மட்டும் அடைக்க ஏறத்தாழ 36 நாள் உழைக்க வேண்டும். இந்தச் செலவைத்தான் முதலில் வெட்ட வேண்டும். இதைப் பற்றி எந்தச் சிக்கனப் பிரசங்கமும் வாய் திறப்பதில்லை. பல ஊர்களில் வட்டிக்கு விடுகிறவர் சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது. குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. சட்டம் படிக்கிற தம்பி, தங்கைகளே, இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தெருவில் ஒட்டுங்கள். பிளக்ஸில் உங்கள் படம் போட்டு வாழ்த்துச் சொல்வதைவிட அது நல்ல கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அடுத்தது, பேராசை காட்டிப் பிடுங்குகிற முதலீட்டுக் கம்பெனிகள். ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டதை 2022இல் பார்த்தோம். நம் வடமாவட்டங்களில் எத்தனை வீடுகள் அதில் விழுந்தன! பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் பண்டிகைக்கும் சேர்த்த காசு அது. மாதம் 25, 30 விழுக்காடு தருகிறேன் என்பவர் உங்கள் காசைத்தான் உங்களுக்குத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். அது தீருகிற அன்று ஆள் இருக்க மாட்டார்.

மூன்றாவது, போட்டி. அந்தத் தெருச் சபை பத்து ஸ்பீக்கர் கட்டினால் இந்தத் தெருச் சபை இருபது. ஒரே காலனியில் நான்கு மேடை, நான்கு சீரியல் செட், நான்கு பிளக்ஸ். பிள்ளையின் துணி பொங்கலுக்கும் ஆகும். பிளக்ஸ் ஜனவரியில் யார் வீட்டுக் கூரைக்காவது ஓட்டை அடைக்கத்தான் ஆகும்.

முதலில் குறைக்க வேண்டியவர் யார்?

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் பெரும்பான்மை நாம்தான். காணிக்கைப் பையில் விழுகிற பத்து ரூபாயும் இருபது ரூபாயும் நம்முடையவை. கணக்கு மட்டும் நமக்குக் காட்டப்படுவதில்லை. சிக்கனம் போதிக்கிற பேராயங்களும் மறைமாவட்டங்களும் முதலில் தங்கள் டிசம்பர் வரவு செலவை ஆலயக் கதவில் ஒட்டட்டும். கேக் வெட்டுகிற விழாவுக்கு எவ்வளவு, மின்விளக்குக்கு எவ்வளவு, சபையின் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு? மிஷன் பள்ளி, கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எவ்வளவு கட்டணச் சலுகை? பதில் வந்த பிறகு எங்கள் பிரியாணியைப் பற்றிப் பேசுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு தேதி சொல்கிறோம்: நவம்பர் 30. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், ஆண்டில் 30 நாளாவது வேலை செய்த, மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரருக்கு 8.33 விழுக்காடு குறைந்தபட்ச போனஸ் தர வேண்டும். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்த உரிமை இது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். மார்ச் 31இல் ஆண்டு முடிந்தால் நவம்பர் 30 கடைசி நாள். ரயில்வேயில் நிரந்தரப் பணியாளருக்கு 78 நாள் போனஸ், அதிகபட்சம் 17,951 ரூபாய், ஆயுதபூசைக்கு முன்பே அறிவிப்பாகிவிடுகிறது. நல்லது, அது அவர்கள் போராடிப் பெற்றது. அதே ரயில் பெட்டியைக் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளியிடம் போனஸ் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சட்டப்படியான போனஸ் கைக்கு வந்தால் கிறிஸ்துமசுக்கு எவரும் வட்டிக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதத்தோடு முடிச்சுப் போடுவதை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை தந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஆணை அசையவில்லை. அரக்கோணம் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த தலித் கிறிஸ்தவர் இந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்க முடியாது. இரட்டைக்குவளையும் தனிச்சுடுகாடும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஒன்றிய அரசு வேலைக்கான பட்டியல் மட்டும் கேட்கிறது. அந்த வேலை கிடைத்திருந்தால் போனஸ் வந்திருக்கும், வங்கிக் கடன் கிடைத்திருக்கும். வாங்கித் தர வேண்டியதை 75 ஆண்டாக வாங்கித் தராத நாடு, "சிக்கனமாக இரு" என்று சொல்ல என்ன உரிமை வைத்திருக்கிறது?

டிசம்பர் 25இன் மற்ற இரண்டு பாடங்கள்

1927 டிசம்பர் 25. மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. மாநாட்டுக்கு யாரும் இடம் தராதபோது ஃபத்தே கான் என்ற இஸ்லாமியர் தம் நிலத்தைத் தந்தார். அந்த நாட்களில் பெண்களிடமும் அண்ணல் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கிற நகைச் சுமையைக் கழற்றச் சொன்னார். எல்லோரையும் போலச் சேலை கட்டச் சொன்னார். மகனைப் போல மகளையும் படிக்க வைக்கச் சொன்னார். செலவுக்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை. நம்மைக் குனிய வைக்கிற செலவைக் கழற்று, நிமிர வைக்கிற செலவைச் செய்.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். செலவைக் குறைத்துக்கொள் என்று சொல்ல அன்றும் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். வெண்மணி மக்கள் கூலியை உயர்த்து என்றார்கள். நம் வறுமைக்குக் காரணம் நம் செலவு அல்ல, நம் வரவு.

இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்?

கல்லூரி விடுமுறைக்கு வீடு வருகிற மாணவர்கள் அம்மாவுக்குச் சிக்கனம் போதிக்க வேண்டாம். தெருவைக் கூட்டுங்கள். கிறிஸ்தவர், இந்து, பௌத்தர் என்று பிரிக்காமல் கூட்டுங்கள். பெண்களை முதலில் பேசவிடுங்கள், பணக் கணக்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிப் பண்டிகை இல்லை என்று தெருவே முடிவெடுக்கட்டும். நான்கு மேடைக்குப் பதில் ஒரே மேடை, ஒரே பந்தி. துணியைத் தவணைக்காரரிடம் வாங்காமல் நான்கு பேர் ரயிலேறிப் போய் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தெரு முழுவதற்கும் சேர்த்து வாங்கி வரலாம்.

மிச்சமாகிற காசுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் கணக்கை உரக்கப் படியுங்கள். கல்விக் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் அதிலிருந்து கொடுங்கள். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தமிழ்நாட்டில் மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் எத்தனை தங்கைகள் அதை இழக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். கேரல் பாடப் போகிற குழுவே இதைச் செய்யலாம். எப்படியும் எல்லா வாசலிலும் நிற்கத்தானே போகிறீர்கள்?

போனஸ் வராத ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரை எழுதித் தொழிலாளர் துறைக்கு மனுக் கொடுங்கள். திருச்சபைக் கணக்கைக் கேட்டு இளைஞர் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள்.

ஜனவரியில் ஒரு வீட்டில் இரண்டு ரசீதில் ஒன்றைத்தான் கட்ட முடியும். ஒன்று வட்டிக்காரருடையது, இன்னொன்று மகளின் கல்லூரியுடையது. பிரியாணி இருக்கட்டும், புதுத்துணி இருக்கட்டும், வாசலில் ஸ்டார் எரியட்டும். வட்டிக்காரரின் ரசீது மட்டும் நம் தெருவுக்குள் வராமல் இருக்கட்டும்.

ஜெய்பீம்!