பர்ஸை அவர்கள் கையில் கொடுங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதில் மூன்றரைப் பக்கம் மூத்த பையனைப் பற்றி. பத்தாவது பரீட்சை முடிந்து லீவில் இருக்கிறானாம். "எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறான். செல்போனும் கையுமாவே கிடக்கிறான். நம்ம தர்மபுரியிலே கூட்டிட்டுப் போறதுக்குத்தான் என்ன இருக்கு? பெங்களூரு, சென்னைன்னா மால் இருக்கு, தீம் பார்க் இருக்கு. நீங்களே நாலு இடம் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

கடைசி அரைப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "சின்னவளைப் பத்திக் கவலை இல்லை. எட்டாவது படிக்கிறா. பெரியவளானதிலிருந்து நாங்க எங்கேயும் கூட்டிட்டுப் போறதில்லை. வீட்டோட இருந்துக்குவா."

இடம் சொல்கிறேன், சகோதரி. நாலு இல்லை, அதற்கு மேலேயே சொல்கிறேன். ஆனால் எனக்கு அந்தக் கடைசி வரிதான் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வரமாட்டேன் என்கிற பிள்ளைக்கு மூன்றரைப் பக்கம், கூப்பிட்டால் ஓடி வருகிற பிள்ளைக்கு ஒரே வரி! நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் பையன் விஷயத்துக்கு வருவோம். இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் வரமறுக்கிறார்கள்? நாம் போகிற லட்சணம் அப்படி! எங்கே போவது என்று அப்பா முடிவு செய்வார். என்ன டிபன் என்று அம்மா முடிவு செய்வாள். காலை நாலரைக்கே விளக்கைப் போட்டு, "எழுந்திரு, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று போர்வையை உருவுவோம். வழியெல்லாம் "அதைத் தொடாதே, அங்கே போகாதே, அந்த மாமாவுக்கு வணக்கம் சொல்லு." பதினைந்து வயதுப் பையனையும் புளிசாதத் தூக்கையும் ஒரே மாதிரி சுமந்துகொண்டு போனால் அவனுக்கு என்ன சந்தோஷம்? தூக்கு பேசாது; அவன் பேசுவான்.

அந்த நாலரை மணி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கம் இரவு நேரம் கழித்துத்தான் வரும், விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் கலையும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. "சோம்பேறி" என்று பட்டம் சூட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எங்கள் குடும்பத்தில் நாங்கள் கண்ட வழி சுலபமானது. பர்ஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. போன கோடையில் என் அண்ணன் மகளும் அவள் தம்பியும் ஒரு மாதம் என்னோடு தங்கியிருந்தார்கள். அவளுக்கு 14, அவனுக்கு 12. 500 ரூபாயைக் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமை நாம நாலு பேரும் ஊர் சுத்தப் போறோம். எங்கே போகணும், எப்படிப் போகணும், எங்கே சாப்பிடணும் எல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான்" என்றேன்.

"அத்தை, நிஜமாத்தான் சொல்றீங்களா? மாமா திட்டமாட்டாரா?"

"மாமாவும் உங்க பின்னாலதான் வருவார்."

அவ்வளவுதான். இரண்டு நாள் வீட்டில் செல்போன் சண்டையே இல்லை. டவுன் பஸ் நேரத்தை விசாரித்து வந்தார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லையல்லவா? "நானும் அத்தையும் சும்மா. மாமாவுக்கும் உனக்கும்தான் செலவு" என்று தம்பியைச் சீண்டிக்கொண்டே கணக்கு எழுதினாள். மாலையில் வீடு திரும்பும்போது 500-ல் மிச்சம் 85 ரூபாய். அதில் எனக்குக் கால் கிலோ கடலை மிட்டாய்!

அவர்கள் போட்ட திட்டத்தில் முதல் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிற கோட்டைக் கோயில். நாம் எத்தனையோ தடவை விளக்குப் போட்டு வந்திருப்போம். அங்கே தரையைத் தொடாமல் நிற்கும் கல்தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா? தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்துவிட்டு, பாரத்தை எது தாங்குகிறது என்று அக்காளும் தம்பியும் அரை மணி நேரம் வாதாடினார்கள். மாமா குனிந்து பார்த்தவர் நிமிரத்தான் சிரமப்பட்டார்.

அடுத்தது அகழ்வைப்பகம். மியூசியம் என்றால் கொட்டாவி விடுகிற இடம் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தின் பெருமையே நடுகற்கள்தான். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு விழுந்தவன், ஊருக்குள் வந்த புலியோடு மோதிச் செத்தவன், இவர்களுக்கெல்லாம் ஊரார் நட்ட கல். பெரிய ராஜாக்கள் இல்லை. நம் கிராமங்களில் ஆடுமாடு வைத்திருந்த மனிதர்கள். சில கற்களில் வட்டெழுத்து இருக்கும். அதில் நம் "ட", "ப" மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். விடமாட்டார்கள்.

பட்டுக்கூடு ஏல அங்காடியை எங்கள் வீட்டுப் பையன்தான் சேர்த்தான். ஏலம் நடக்கிற நாளை விசாரித்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தனியாக ஒரு நாள் காலையில் போனோம். விவசாயிகள் கொண்டுவந்து கொட்டுகிற வெள்ளைக் கூடுகளைக் குவியலாகப் பார்ப்பதே ஓர் அழகு. மல்பெரி இலையைத் தின்று வளர்கிற புழு, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றி ஒரே இழையாகக் கூடு கட்டிவிடுகிறது. நல்ல கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நூல் வரும். "அப்போ எங்க வீட்டிலேர்ந்து ஸ்கூல் வரைக்கும் ஒரு பூச்சி!" என்றான். கல்யாணப் புடவை எடுக்கும்போது விலையைப் பார்த்து முணுமுணுக்கிற நாமும் அந்த ஏலத்தை ஒருநாள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சேலம் போகிற பாதையில் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் பழைய ஓவியங்கள். அதியமான் கோட்டத்துக்கும் போய் வாருங்கள். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். போர் வரும் என்ற நிலைமையில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் யார்? அதே ஒளவைதான். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னால் நம் தகடூர் அரசன் ஒரு பெண்ணை நம்பி நாடு தாண்டி அனுப்பியிருக்கிறான். நாம் எட்டாவது படிக்கிற பெண்ணைப் பஸ் ஸ்டாண்டுவரை கூட்டிப்போக யோசிக்கிறோம்!

இனி அந்தச் சின்னவளைப் பற்றி. "பெரியவளாயிட்டா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்பீர்கள். பேசத்தான் பேசுவார்கள். அவளை வீட்டிலேயே வைத்திருந்தாலும் பேசுவார்கள், "ஏன் இன்னும் கட்டிக்கொடுக்கலே?" என்று. நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 18 வயது முடியாமல் கல்யாணம் செய்தால் குற்றம் என்று 2006-லேயே சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் வயசுக்கு வந்த அன்றோடு உலகம் வீட்டு வாசலோடு முடிந்துவிட்ட பெண்ணுக்கு, அந்தப் பேச்சு வரும்போது "மாட்டேன், படிக்கணும்" என்று சொல்ல வாய் எங்கிருந்து வரும்? கண்டக்டரிடம் பேசி, மியூசியத்தில் கேள்வி கேட்டு, ஓட்டலில் பில்லைக் கூட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடித்த பெண்ணுக்கு வரும்.

இன்னொரு விஷயம், இது உடம்பைப் பற்றியது. என் தங்கை மகள் வீட்டுக்குள்ளேயே வளைய வருகிறவள். அமைதியான பெண் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அரூர் தாண்டி தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு போனோம். மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்க, படியில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது தாண்டிய பாட்டி மேலே போய்க்கொண்டிருக்கிறாள்! மறுநாள் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 புள்ளி சொச்சம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக்கூடாது. அவள் அமைதி இல்லை, அசதி. பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பெஞ்சுக்கடியில் போட்டிருக்கிறாள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தப் புரட்டல் அவ்வளவாக இருக்காது. வைத்தியம் பார்த்து, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சேர்த்து, ஆறு மாதம் கழித்து அதே மலையை ஏறி ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தாள். மலைக்குக் கூட்டிப் போயிருக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்? 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி ஒரு மணி நேரமாவது ஓடியாடும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் என்றுதான் சொல்கிறது, பையன்கள் என்று சொல்லவில்லை.

மாதவிலக்கு நாள் வந்துவிட்டால் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவது போகாதது அவரவர் வீட்டு வழக்கம். ஆற்றங்கரைக்கும் மியூசியத்துக்கும் என்ன தடை? கூடுதல் நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு கறுப்புப் பை, ஒரு மாற்று உடை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று அம்மா முதலில் பார்த்துவைத்துக்கொண்டால் போதும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் அநேகம். அது சிறுநீர்க் கடுப்புக்கு அழைப்பு வைப்பதாகும்.

ஒகேனக்கல் இல்லாமல் தர்மபுரிக் கட்டுரையா என்று கேட்கிறீர்கள்! ஏறக்குறைய 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாக. கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை, புகை கிளம்புகிற கல். அதுதான் ஒகேனக்கல். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பேப்பரில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்த்து எழுதி வரவேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி என்றால் வினாடிக்கு எத்தனை என்று பெருக்கச் சொல்லுங்கள், கண்ணை அகல விரிப்பார்கள். தண்ணீர் ஏறினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை வரும் என்பதும் அவர்களுக்கே புரிந்துவிடும். "ஏன் விடமாட்டேங்கறாங்க?" என்று அங்கே போய் முகத்தைத் தூக்கமாட்டார்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பாறையில் நின்று செல்ஃபி எடுப்பதும், அனுமதிக்காத இடத்தில் இறங்குவதும் கூடவே கூடாது. இதில் மட்டும் பெரியவர்கள் சொல்வதுதான் சட்டம். நீச்சல் தெரிந்த பையன்களையும் அந்தச் சுழல் விட்டுவைத்ததில்லை.

மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவி அங்கேயே சமைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். பேரம் பேசுகிற வேலையை மகளிடம் விடுங்கள், மீன் முள் எடுக்கிற வேலையை மகனிடம்.

கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். நம் பக்கத்துப் பல ஊர்களில் வயதானவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், முதுகும் மூட்டும் விறைத்திருக்கும். பாறைக்கடியில் இருந்து வரும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதுதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். இந்தக் காவிரித் தண்ணீரைத்தான் ஜப்பான் நிதியுதவியோடு அமைத்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013-லிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள். பல்லில் கறை விழுவது பல் உருவாகும் காலத்தில், சுமார் எட்டு வயதுக்குள். ஆகவே வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீரையே பிடித்து வையுங்கள். பெரிய பிள்ளைகளிடமே அந்த வேலையை விடலாம், காரணம் தெரிந்தவர்கள் செய்வார்கள்.

வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளை என்றால் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் இங்கேதான் காலமானார். சிறையில் தொழுநோய் பற்றிக்கொள்ள, ரயிலில் ஏறவும் தடை விதித்தார்களாம். மனிதர் நின்றாரா? நடந்தும் வண்டியிலுமாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

பாலக்கோட்டுச் சகோதரிக்கு: முதல் தடவையே ஒகேனக்கல் வேண்டாம். அரை நாளில் முடிகிற டவுன் சுற்றலாகப் பாருங்கள். செல்போனைப் பிடுங்க வேண்டாம். படம் எடுப்பது பையன் பொறுப்பு, பர்ஸ் சின்னவள் பொறுப்பு. ஒகேனக்கல் போகிற அன்று எல்லோருக்கும் மாற்றுத் துணி எடுத்து வையுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து. பரிசலில் எப்போதும் அவர்கள்தான் முதலில் நனைவார்கள்.