தர்மத்துக்குப் போட்ட பழைய போன்

பழைய செல்போன், தீர்ந்துபோன பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் வீடு வீடாகச் சேகரித்து விற்று, அந்தப் பணத்தில் நல்ல காரியம் செய்வது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் போன வருடம் முடிவானது. முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இந்த வருடமும் அதையே செய்யப் போகிறார்களாம். இம்முறை நான் எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெருமுனை வாசகசாலைக்கு இரண்டு மின்விசிறி, ஓர் இரும்பு அலமாரி வேண்டும். யாரிடமும் கை நீட்ட வேண்டாம், மேஜை டிராயரில் தூங்குகிற போனைக் கொடுத்தால் போதும். ஒரே மாதத்தில் சாக்கு நிறைந்துவிட்டது. பட்டன் போன், டச் போன், சார்ஜர், இன்க் கார்ட்ரிட்ஜ், டோனர் என்று கதம்பம். என் மனைவி கடைசிவரை வைத்திருந்த நோக்கியாவையும் போட்டேன். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செய்தது. பின்மூடியில் அவள் தன் கையால் எழுதி ஒட்டிய பெயர்ச் சீட்டைக் கிழிக்க மனம் வரவில்லை.

விற்கும் நாளில்தான் பேச்சு எழுந்தது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தில் விலை சொற்பம், எடையும் இன்னும் சேர வேண்டும் என்றார்கள். காயலான் கடைக்காரரோ இரண்டு மடங்கு, அதுவும் ரொக்கம். "நல்ல காரியத்துக்குத்தானே சார், எங்கே அதிகம் கிடைக்குதோ அங்கே போடுவோம்" என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடைப் பக்கம் போனேன். பின்புறக் காலி மனையில் பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஸ்குரு டிரைவரால் போனை நெம்பி, சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தான். கையுறை கிடையாது. பக்கத்தில் தகர டின்னில், செம்புக்காக சார்ஜர் வயர் எரிந்துகொண்டிருந்தது. டோனரைத் தட்டிக் கொட்டியதில் முகமெல்லாம் கறுப்புத் தூள். "கண் எரியலையா தம்பி?" என்றேன். "பழகிடுச்சு தாத்தா" என்றான். அவன் காலடியில் ஒரு பின்மூடி. அதில் என் மனைவியின் கையெழுத்து.

நான் டெலிபோன் இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறைக்குள் போக எங்களுக்கு ரப்பர் கையுறையும் ஏப்ரனும் கொடுப்பார்கள். அரசாங்க ஊழியனின் கைக்குக் கிடைத்த அந்தக் காப்பு, நம் தெருப் பையனின் கைக்கு வேண்டாமா?

பழைய போன்களின் சாலிடரில் ஈயம் இருக்கிறது. பிவிசி வயரைக் கொளுத்தினால் டையாக்சின் என்ற நஞ்சு புகையோடு வரும். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். போனுக்குள் தங்கம், வெள்ளி, பல்லேடியம் உண்டுதான். ஆனால் அவை பொடிப்பொடியாகக் கலந்து கிடப்பவை. சுத்தியலுக்கும் அமில வாளிக்கும் அதில் கொஞ்சம்தான் அகப்படும். மிச்சம் மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகும். முறையான உலையில்தான் முழுமையாகப் பிரிக்க முடியும்.

சட்டமும் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவு விதிகளை மத்திய அரசு 2011-லேயே கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2022-ம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளவை. அதன் பட்டியலில் செல்போனும் உண்டு, "கார்ட்ரிட்ஜ் உள்பட பிரிண்டர்" என்றும் உண்டு. பதிவு பெற்றவர்தான் மறுசுழற்சி செய்யலாம். படித்தவர்கள் நிறைந்த நம் சங்கம் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

"காயலான் கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். பேப்பரும் பாட்டிலும் இரும்பும் அவரிடமே போடுங்கள். அவர் இல்லையென்றால் இந்த ஊர் குப்பையில் மூழ்கியிருக்கும். நான் அவரைக் குறை சொல்லவில்லை. விலையை மட்டும் பார்த்து விற்ற நம்மைச் சொல்கிறேன்.

"நம்முடைய ஒரு சாக்கு எம்மாத்திரம்?" என்பது அடுத்த கேள்வி. டோக்கியோ ஒலிம்பிக்கின் சுமார் 5,000 பதக்கங்களுக்கான உலோகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2017 முதல் 2019 வரை ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய மின்சாதனங்களிலிருந்து. அதில் சுமார் 62 லட்சம் செல்போன்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டு டிராயரில் கிடந்ததுதான். சேகரிப்பு தப்பில்லை. சேகரித்ததை யாரிடம் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

இன்னொன்று. இந்தக் காரியத்தைப் போட்டியாக்கக் கூடாது. ஒரு பள்ளியில் அதிகம் கொண்டுவரும் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவிக்க, என் பேரனின் வகுப்புத் தோழன் அப்பா வாங்கி வைத்திருந்த புது டோனரையே பெட்டி பிரிக்காமல் கொடுத்துவிட்டான்!

எனவே சங்கத்துக்கு என் கோரிக்கைகள் இவை. ஓடுகிற போனைச் சாக்கில் போடாதீர்கள், பழுது பார்த்து யாருக்காவது கொடுங்கள். கொடுக்குமுன் சிம், மெமரி கார்டை எடுத்து, படங்களையும் வங்கி விவரங்களையும் அழியுங்கள். உப்பிய பேட்டரியைத் தனியே வையுங்கள். கார்ட்ரிட்ஜை நிரப்பிப் பயன்படுத்த முடிகிறவரை பயன்படுத்துங்கள். முடியாதபோது பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுங்கள். எடை போதவில்லையா? பக்கத்து நகர்ச் சங்கங்களோடு சேர்ந்து அனுப்புவோம், ஆறு மாதம் காத்திருந்தாலும் சரி. ரசீது வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

பணம் குறையும். குறையட்டும். வாசகசாலைக்குப் பணம் வேண்டுமென்றால் வீட்டுக்கு நூறு ரூபாய் என்று நேராகக் கேளுங்கள், நான் ஐந்நூறு தருகிறேன். நம் கையிலிருந்து கொடுத்தால் அது தர்மம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நுரையீரலிலிருந்து கொடுத்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்கக் கூடாது.

வாசகசாலையில் இப்போது மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் பேப்பர் படிக்கிறேன். காற்று வருகிறது, நிம்மதி வரவில்லை.