தீட்டு வேறு, பாவம் வேறு ஐயா!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கிறிஸ்தவத்தை வெளியே நின்று கல்லெறிகிற பதிவு அல்ல. வீட்டுக்குள்ளே போடுகிற சண்டை. நான் ஞானஸ்நானம் பெற்றவன், திடப்படுத்தல் எடுத்தவன். பிழைப்புக்காகப் புனே வந்து பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போகிறவன். ஆகவே "உனக்கென்ன தெரியும் எங்கள் வேதத்தைப் பற்றி" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

என் சண்டை இதுதான். நாம் தீட்டையும் பாவத்தையும் ஒரே வாளியில் போட்டு ஊறவைத்திருக்கிறோம். தீட்டு என்பது ஒட்டிக்கொள்வது. பாவம் என்பது செய்வது. தீட்டு தொட்டால் வரும், தண்ணீர் பட்டால் போகும், நாள் கணக்கு முடிந்தால் தீரும். பாவம் அப்படி வருவதும் இல்லை, அப்படிப் போவதும் இல்லை. நான் உங்கள் பணத்தைத் திருடினால் அது என் உடம்பில் ஒட்டிய அழுக்கு அல்ல, உங்கள் பையில் விழுந்த ஓட்டை. நான் எத்தனை முறை குளித்தாலும் உங்கள் பை நிரம்பாது.

சுவிசேஷம் வந்தது தீட்டை ஒழித்து, பாவத்தைப் பெரிய விஷயமாக்க. நாம் செய்திருப்பது நேர் தலைகீழ். தீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். பாவத்தை மலிவாக்கிவிட்டோம்.

ஆதாரம் வேண்டுமென்றால் மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் கைகழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று புகார் வருகிறது. (சுகாதாரப் புகார் அல்ல, சடங்குப் புகார்.) அதற்கு இயேசு சொன்ன பதிலின் சாரம்: உள்ளே போகிற எதுவும் மனிதனைத் தீட்டுப்படுத்தாது, இருதயத்திலிருந்து வெளியே வருவதுதான் தீட்டுப்படுத்தும். என்னென்ன வெளியே வருகிறது என்று ஒரு பட்டியலும் தருகிறார். திருட்டு, கொலை, பேராசை, வஞ்சகம், பெருமை இப்படிப் போகிறது. அந்தப் பட்டியலில் மாதவிடாய் இல்லை. பிரசவம் இல்லை. எந்தத் தெருவில் பிறந்தான் என்பதும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே இன்னொருவருக்குச் செய்யும் கேடுகள்.

உடனே சிலர் "பழைய ஏற்பாட்டுக்காரர்கள்தான் தீட்டு பார்த்தார்கள், நாங்கள் இல்லை" என்று யூதர்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதுவும் தப்பு. லேவியராகமத்தில் தீட்டும் பாவமும் ஒன்றல்ல. பிள்ளை பெற்றால் தீட்டு, ஆனால் பிள்ளை பெறுவது பாவமா? பிணத்தைத் தொட்டால் தீட்டு, ஆனால் இறந்தவரை அடக்கம் செய்வது கடமை. அடுத்தவன் பொருளை ஏமாற்றி எடுத்தவனுக்கு அதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரம் என்ன சொல்கிறது? எடுத்ததைத் திருப்பிக் கொடு, கூடவே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு, பிறகு பலியைக் கொண்டு வா. யூத ரபீக்களின் மிஷ்னா இன்னும் தெளிவு. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள பாவத்துக்குத்தான் பாவநிவர்த்தி நாள் பரிகாரம். அடுத்த மனிதனுக்கு எதிராகச் செய்ததற்கு, அவனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் உதவாது. நம் ஆட்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல்!

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1606ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி, நம் தத்துவ போதகர். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் ஊர் வழக்கம்தான், மதமல்ல என்பது அவர் வாதம். 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்று அனுமதியும் கொடுத்தார். வழக்கத்தோடு வழக்கமாகத் தீட்டும் உள்ளே வந்தது.

1704ல் போப்பின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் தங்கி ஓர் ஆணை போட்டார். அதைப் படித்தால் நம் பிரச்சனை முழுவதும் தெரியும். அந்தக் காலத்து ரோமன் முறைப்படி ஞானஸ்நானத்தில் குருவானவர் தன் உமிழ்நீரைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். இங்கே அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். ஏன்? எச்சில்! பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் எச்சில் பட்டால் தீட்டாயிற்றே! விடக்கூடாது என்றார் தூர்னோன். மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக்கூடாது என்றார். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்றார். இதையெல்லாம் ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த எச்சில் சடங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கிய சம்பவத்திலிருந்து. அந்தச் சம்பவம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? அதே மாற்கு ஏழில்! கைகழுவும் தகராறு அதிகாரத்தின் தொடக்கத்தில், எச்சில் தொட்ட குணமாக்கல் அதே அதிகாரத்தின் முடிவில். தீட்டை இதைவிடப் பச்சையாக யாரும் கேலி செய்திருக்க முடியாது.

கடைசியில் என்ன ஆனது? 1744ல் போப் பதினாலாம் பெனடிக்ட் தீர்ப்பு சொன்னார். அதில் ஒரு சமரசம்: பறையர்களுக்கென்று தனிக் குருமார்களை வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். தொட்டால் தீட்டு என்பதை ஒழிக்க முடியவில்லை, தொடுவதற்குத் தனி ஆள் போட்டார்கள்.

"அது கத்தோலிக்கர் கதை" என்று சீர்திருத்த சபைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது, உடனே விடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது நம் தஞ்சாவூர் போன்ற புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் சேர்த்துத்தான். தனி வரிசை, பாத்திரத்தில் வாய்வைக்க முன்பின் ஆகியவைதான் தகராறு. பாவத்தைக் கழுவும் இரத்தம் என்று சொல்லி நீட்டுகிற கிண்ணம், அதில் யார் வாய் முதலில் பட்டது என்று ஒரு கணக்கு!

வடக்கன்குளம் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சாதிக்கு ஒரு கை, மற்றவர்களுக்கு ஒரு கை என்று இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டியது. இரண்டும் பீடத்தில் சேரும். கால்சட்டைக் கோயில் என்று அதற்குக் கேலிப்பெயர். தடுப்பை எடுத்தபோது வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவனுக்குத் தீட்டு கிடையாது என்று நீதிமன்றத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது!

பழங்கதை என்கிறீர்களா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைச் சிலர் போய் இடித்துச் செய்தியானது 2010ல். தீண்டாமை பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் எழுதியது 2016ல். நொபிலி வந்து 410 வருஷம் கழித்து!

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1950ஆம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985ல் தள்ளுபடி செய்தார்கள். ஆக, ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிடும் என்று முழுமனதாக நம்புகிற ஒரே அமைப்பு இந்திய அரசாங்கம்தான். நம் சபைகளுக்கே அந்த நம்பிக்கை இல்லை!

இப்போது பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஊர் விட்டு ஊர் வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக. எங்கள் வட்டாரத்து ஆராதனை ஒன்றில் பிள்ளை பெற்று ஐந்து வாரமான ஒரு பெண் நற்கருணைக்கு எழுந்தார். பின்வரிசைப் பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நாப்பது முடியட்டும்மா." அந்தப் பெண் ஐடி கம்பெனியில் டீம் லீட். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். போதகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பது எங்கிருந்து வந்தது? லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரம். ஆண் பிள்ளைக்கு 40 நாள், பெண் பிள்ளைக்கு 80. இதற்கு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் ஒரு சடங்கே உண்டு. 1549 பதிப்பில் அதன் பெயர் பெண்களின் சுத்திகரிப்பு. மூன்றே வருஷத்தில், 1552லேயே, அந்தப் பெயரை எடுத்துவிட்டு நன்றி செலுத்துதல் என்று மாற்றினார்கள். அதற்கும் முன்னால், சுமார் 1400 வருஷத்துக்கு முன்பே, இங்கிலாந்துக்குப் போன அகஸ்டினுக்கு போப் முதலாம் கிரகோரி எழுதிய பதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற அன்றே அவள் நன்றி சொல்லக் கோயிலுக்குள் வந்தாலும் குற்றமில்லை, மாதவிலக்கான பெண்ணுக்கு நற்கருணையைத் தடுக்காதே என்று. 1400 வருஷத்துக்கு முந்தைய போப்புக்கு இருந்த தெளிவு நம் போதகருக்கு இல்லை.

அதே மாதம், அதே கூடம். லேபர் கான்டிராக்ட் எடுக்கும் ஒரு அண்ணன் சாட்சி சொன்னார். கண்ணீரோடுதான் சொன்னார், நடிப்பு என்று சொல்ல மாட்டேன். தன் பாவமெல்லாம் இரத்தத்தால் கழுவப்பட்டு உறைபனி போல ஆனதாம். அல்லேலூயா என்றார்கள். அவரிடம் வேலை பார்த்த விழுப்புரம் பக்கத்துப் பையன்கள் நாலு பேருக்கு மூன்று மாசக் கூலி பாக்கி என்பது அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை.

குழந்தை பெற்றவளை நிறுத்தினார்கள். கூலி கொடுக்காதவனுக்குக் கை தட்டினார்கள். பிரச்சனை புரிகிறதா மக்களே?

ஒரு மறுப்பு வரும், தெரியும். "அப்படியென்றால் கிருபை எதற்கு? நம் கிரியையால் இரட்சிப்பா? லூத்தர் இதற்காகவா போராடினார்?" நல்ல கேள்வி. சகேயுவைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார், எந்த நிபந்தனையும் போடாமல். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலத்தனை என்கிறான். பணம் கிருபைக்குக் கொடுத்த விலை அல்ல. கிருபை வந்துவிட்டது என்பதற்கு ரசீது. ரசீதே இல்லாத கிருபையை நான் எப்படி நம்புவது? லூத்தர் 1517ல் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, மனந்திரும்புதல் ஒருநாள் சடங்கல்ல, வாழ்நாள் முழுவதற்குமானது என்பதுதான். பாவமன்னிப்பைச் சீட்டுப் போட்டு விற்றதைத்தான் அவர் எதிர்த்தார். இன்று டிவியில் அபிஷேக எண்ணெய்ப் பாட்டில் விற்கிறவர்களை அவர் பார்த்திருந்தால் கதவு போதாது, தெருவெல்லாம் ஆணி அடித்திருப்பார்.

பாவத்தை அழுக்கு என்று உவமையாகச் சொல்வதில் எனக்குத் தகராறு இல்லை. ஏசாயாவும் கழுவுங்கள் என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த இடத்தை முழுதாகப் படியுங்கள். கழுவிக்கொள்ளுங்கள் என்ற கையோடு, எப்படிக் கழுவுவது என்றும் சொல்லிவிடுகிறார்: ஒடுக்கப்பட்டவனுக்குத் துணை நில், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய். அவர் சொல்லும் சோப்பு அதுதான். நாம் அந்தப் பாதியைக் கிழித்துவிட்டு வாளியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

போதகர்மாரே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். பெரிய இறையியல் எல்லாம் இல்லை. எந்தப் பெண்ணும் எந்த நாளிலும் பந்திக்கு வரலாம் என்று ஒரு ஞாயிறு ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சாட்சி சொல்ல எழுகிறவரிடம், யாருக்காவது தரவேண்டியது பாக்கியா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊரில் உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவரோ வேலியோ இருந்தால், அடுத்த ஞானஸ்நான ஆராதனைக்கு முன்னால் அதை எடுங்கள். அதுவரை தொட்டியில் தண்ணீர் பிடிக்க வேண்டாம். புனேயில் கோடை காலத்துத் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்கே தெரியும்.

டிஸ்கி: "அந்த அண்ணன் யார்" என்று யாரும் போன் போட வேண்டாம். அவருக்கே தெரியும். பையன்கள் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போட்டாயிற்று, அதற்குள் கணக்கை முடித்தால் நல்லது.