கேட்கும் பெட்டி

வீட்டிற்கென்று வாங்கும் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் உடையவர் ஒருவருக்கே பயன்படுவன. விளக்கும் வானொலியும், வாங்கியவர் ஒருவராயினும், வீட்டிலுள்ளார் அனைவருக்கும் பயன்படுவன. இவ்விரண்டிலும் அடங்காத புதுப்பொருள் ஒன்று இந்நூற்றாண்டில் வீடுகளுக்குள் புகுந்துள்ளது. அது பேசுவது, அதனினும் மேலாக, நாம் பேசுவதைக் கேட்பது. ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என்று மக்கள் வழங்கும் ஒலிபெருக்கியே அது. அதனை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் சிலர், அதன் செவிக்கு எட்டும்படி வாழ்பவரோ வீட்டிலுள்ள அனைவரும். இம்மூவகையினரின் நலமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலின், இக்கருவியை வாங்குவது ஒருவருடைய விருப்பத்தால் மட்டும் முடிய வேண்டிய செயல் அன்று. குடும்பம் முழுவதும் கூடி எண்ணித் துணிய வேண்டிய செயல் என்பதே என் கருத்து.

முதலில் கருவியின் இயல்பை அறிவோம். அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ‘எக்கோ’ என்னும் கருவியை அமெரிக்காவில் வெளியிட்டது. உருளை வடிவான அதன் தலைப்பகுதியில் ஏழு ஒலிவாங்கிகள் இருந்தன. கூகுள் நிறுவனத்தின் கருவி 2016-ஆம் ஆண்டிலும், ஆப்பிள் நிறுவனத்தின் கருவி 2018-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. ‘எக்கோ’ இந்தியாவிற்கு வந்தது 2017-இல். அது இந்தி மொழியில் பேசத் தொடங்கியது 2019-இல்.

‘அலெக்சா’ என்பது போன்ற ஒரு பெயர் தன் காதில் விழுகிறதா என்று அக்கருவி இடைவிடாது கவனித்துக்கொண்டே இருக்கும். பெயர் கேட்டதும் அதன் மேல் விளக்கு ஒளிரும். அதன்பின் பேசப்படும் சொற்கள் பதிவாகி, இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குச் செல்லும். அங்கே பொருள் உணரப்பட்டு, விடை திரும்பி வரும். பேசுவது நம் மேசைமேல் உள்ள பெட்டி. ஆராய்வது எங்கோ தொலைவில் உள்ள பொறி. இவ்வுண்மையை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, இதனை வாங்குவோர் யார்? அமெரிக்காவில் பியூ ஆய்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் வீட்டில் இக்கருவி இருந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், தம்மைப்பற்றி இது திரட்டும் செய்திகளின் அளவை எண்ணிக் கவலையுற்றனர் என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. கவலை இருந்தும் வாங்கினர். வாங்கியும் கவலை நீங்கவில்லை. இதனை நிறுவ இணைய வசதியும், கைப்பேசியும், நிறுவனத்தில் ஒருவர் பெயரில் ஒரு கணக்கும் வேண்டும். எனவே வீட்டில் பொருளும் பயிற்சியும் உடைய ஒருவரே இதன் தலைவர் ஆகிறார். மற்றவர்கள் கேட்ட கேள்விகளை அவர் தம் கைப்பேசியில் பின்னர்ப் பார்க்கவும் இயலும். இவ்வாறு, ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையே அறிபவர், அறியப்படுபவர் என்னும் வேற்றுமை தோன்றிவிடுகிறது.

பயன்படுத்துவோருள் இதனால் மிகுந்த நன்மை பெறுவோர் உண்டு. கண்பார்வை இல்லாதவர் திரையைத் தொட்டுத் தடவ வேண்டியதில்லை; வாயாற் கேட்டு மணியை அறியலாம். கை நடுக்கமுற்ற முதியவர் எழுந்து செல்லாமலே விளக்கை ஏற்றலாம். மருந்துண்ணும் நேரத்தை நினைவூட்டச் சொல்லலாம். பிரிட்டனின் தேசிய நலவாழ்வுத் துறை 2019-இல் அமேசானுடன் இணைந்து, தன் மருத்துவக் குறிப்புகளை இக்கருவியின் வாயிலாகக் கேட்டறிய வழி செய்தது. முதியோரும் பார்வையற்றோரும் எளிதில் பயன்பெறுவர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆதலின், இக்கருவியை முற்றும் பழித்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. பலருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஒன்று, சிலருக்கு ஊன்றுகோலாக இருக்கின்றது.

ஆயினும், கேட்கப்படுவோர் நிலை என்ன? விருந்தாக வந்தவர், வீட்டுவேலை செய்பவர், விளையாட வந்த அடுத்த வீட்டுச் சிறுவன் ஆகியோருள் ஒருவரேனும் இதனை வாங்கியவர் அல்லர். இசைவு தந்தவரும் அல்லர். “பெயர் சொல்லி அழைத்தால்தானே அது பதிவு செய்யும்?” என்று சிலர் வினவலாம். அழையாதபோதும் அழைத்ததாக எண்ணி விழித்துக்கொள்வது அதன் இயல்பான குறை. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், கணவனும் மனைவியும் வீட்டில் பேசிக்கொண்ட பேச்சு பதிவாகி, அவர்களுக்குத் தெரியாமலே, அவர்தம் அறிமுகமான ஒருவர்க்குச் சென்றது. வேறு சொற்களைத் தனக்கிட்ட ஆணைகளாகக் கருவி பிழைபடக் கொண்டதே காரணம் என்று அமேசான் விளக்கம் கூறியது. கருவியின் செவித்திறனை மேம்படுத்தும் பொருட்டு, பதிவுகளில் ஒரு பகுதியை நிறுவனங்கள் அமர்த்திய மனிதர்களே கேட்டு வந்தனர் என்பதும் 2019-இல் வெளியாயிற்று. பொறி மட்டுமே கேட்கிறது என்று நம்பியிருந்தோர் அதனை அறிந்து திகைத்தனர்.

குழந்தைகளைப்பற்றிச் சிறப்பாக எண்ண வேண்டும். எழுதப் படிக்க அறியாத குழந்தையும் பேசத் தெரிந்த அளவில் இதனை ஏவ இயலும். தான் கூறுவது எங்கே செல்கிறது என்பதை மட்டும் அஃது அறியாது. குழந்தைகளின் குரற்பதிவுகளை அளவிற்கு மேற்பட்ட காலம் வைத்திருந்தது, பெற்றோர் அழிக்குமாறு கேட்டும் முழுதும் அழிக்கவில்லை என்று அமெரிக்க அரசு 2023-ஆம் ஆண்டு அமேசான்மீது வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தபோதிலும், 2 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. குழந்தையின் மழலையும் வணிகப் பொருளாகக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எல்லாருடைய பேச்சையும் இக்கருவிகள் ஒரு தன்மையாய் உணர்வதும் இல்லை. அமேசான், ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களின் பேச்சறி பொறிகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2020-இல் முடிவினை வெளியிட்டனர். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களையும், கறுப்பினத்தார் பேச்சில் 35 சொற்களையும் அப்பொறிகள் சராசரியாகப் பிழைபட உணர்ந்தன. எவருடைய பேச்சைக் கொண்டு பொறி மிகுதியாகப் பயிற்றப்பட்டதோ அவர்க்கே அது நன்கு ஏவல் செய்யும். ஏனையோர் தம் நாவினைப் பொறிக்கேற்ப வளைக்க நேர்கிறது. விலை கொடுப்பதில் யாவரும் சமம். பயன் பெறுவதில் சமம் அல்லர்.

“மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத எமக்கு அச்சம் எதற்கு?” என்று கூறுவாரும் உளர். மறைத்தல் வேறு, தனிமை வேறு. குற்றம் செய்தவர் மட்டுமா கதவைச் சாத்துகின்றனர்? தாயிடம் துயரம் கூறும் மகளும், நோயைப்பற்றி மெல்லப் பேசும் முதியவரும், வீடு என்னும் நம்பிக்கையால் வாய் திறக்கின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பது, கருவியை வாங்குபவரின் கடமை.

அக்கடமையை ஆற்றுவது அரிதன்று. நிறுவுவதற்குமுன் வீட்டிலுள்ளார் அனைவரையும் கேட்க வேண்டும்; ஒருவர் வேண்டாவென்றாலும் அவர் கூறும் காரணத்தை மதிக்க வேண்டும். படுக்கையறையில் வைத்தலைத் தவிர்க்க வேண்டும். விருந்தினர் வந்தால் கருவி இருப்பதை எடுத்துரைத்து, அதன் செவியை மூடும் பொத்தானை அழுத்தி வைக்க வேண்டும். சேர்ந்துள்ள பதிவுகளை அவ்வப்போது அழிக்க வேண்டும். பார்வையற்றவருக்கோ முதியவருக்கோ வாங்கினால், அதன் ஆட்சி அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். வாங்கிய நாளில் இருந்த விதிகளே என்றும் நிலைக்கும் என்று எண்ணுதலும் கூடாது. குரற்பதிவுகளை நிறுவனத்திற்கு அனுப்பாதிருக்கும் வசதி சில ‘எக்கோ’ கருவிகளில் முன்னர் இருந்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமேசான் அதனை நீக்கிவிட்டது.

மாணவர்களே! பல வீடுகளில் பெரியோர் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய கருவிகளை இயக்கி வைப்போர் இளைஞர்களே. “நீயே பார்த்துச் செய்” என்று பாட்டி கூறும்போது, வீட்டாரின் பேச்சைக் காக்கும் பொறுப்பையும் அவர் உங்களிடம் ஒப்படைக்கின்றார். கருவி கேட்கும் ஒவ்வொரு வினாவிற்கும் படியாமலே இசைவளித்தல் எளிது. படித்துணர்ந்து, அதன் பொருளைப் பாட்டிக்கு எடுத்துரைத்து, அவர் விருப்பமறிந்து பொத்தானை அழுத்துதலே முறையாகும். கருவியை ஏவக் கற்பதோடு கல்வி நிறைவுறாது. அதன் அருகில் வாழ்வோரை மதிக்கவும் கற்றல் வேண்டும்.