ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டதா? பர்ஸ் கரையாமல் டேட்டாவை மீட்க சில வழிகள்!

உடுமலைப்பேட்டை பக்கம் பல வீடுகளில் பீரோவுக்குள் நகைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும் இருக்கும். மகளின் கல்யாண வீடியோ, பேரனின் காதுகுத்து போட்டோ, இன்று நம்மோடு இல்லாத அப்பாவின் குரல் எல்லாம் அதற்குள்தான். திருப்பூருக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்களில் டிசைன் ஃபைல்களும் ஜி.எஸ்.டி பில்களும் அதில்தான். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்கு அந்தக் கணக்குகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது சட்டம்.

அந்த டிஸ்க் திடீரென ஓப்பன் ஆகவில்லையா? முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு சில நூறு ரூபாயா, பல ஆயிரமா என்பது முடிவாகும்.

முதலில் காது கொடுங்கள்

டிஸ்க்குக்குள் வேகமாகச் சுழலும் வட்டத் தட்டுகளில்தான் டேட்டா இருக்கிறது. அதைப் படிக்கும் 'ஹெட்', தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். 'டக்... டக்...' எனச் சத்தம் வந்தால் ஹெட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே கேபிளைக் கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்தால் தட்டு கீறும். கீறிய இடத்தில் இருந்த டேட்டா திரும்பாது. தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது, வீட்டிலேயே திறப்பது மூன்றும் கூடாது.

தட்டு தப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். கல்பனா சாவ்லா உட்பட 7 பேரை பலிகொண்ட கொலம்பியா விண்கல விபத்து நடந்தது 2003 பிப்ரவரி 1-ல். சிதைவுகளில் கருகிய நிலையில் கிடைத்த ஒரு ஹார்டு டிஸ்க்கிலிருந்து சுமார் 99 சதவிகித டேட்டாவை மீட்டது க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம். மேலே கருகியிருந்தாலும், டேட்டா இருந்த தட்டுப் பகுதி தப்பியிருந்ததே காரணம்.

சத்தம் இல்லையா? நல்ல செய்தி

முதலில் வேறு கேபிள், வேறு யு.எஸ்.பி போர்ட், வேறு கம்ப்யூட்டர் என மாற்றிப் பாருங்கள். போனில் ஓ.டி.ஜி மூலம் இணைத்தால் கரன்ட் போதாமல் போகலாம். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால், பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டு மட்டும் பழுதாகியிருக்கலாம். டிஸ்க்கை சாட்டா-யு.எஸ்.பி கன்வெர்ட்டரில் மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். சில மாடல்களில் அந்த போர்டே டேட்டாவைப் பூட்டி வைத்திருக்கும் என்பதால், பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள்.

'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால்...

'கேன்சல்' கொடுங்கள். 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

அதே அளவோ, அதைவிடப் பெரியதோ ஒரு புது டிஸ்க் வாங்குங்கள். செய்ய வேண்டிய ஒரே பெரிய செலவு இதுதான். லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள், படிக்க முடிகிற பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த சர்வீஸ்காரரிடம், ''முதலில் குளோன் எடுங்கள்'' என்று கேட்டாலே போதும். பிறகு அந்த நகலில் 'டெஸ்ட் டிஸ்க்', 'ஃபோட்டோ ரெக்' போன்ற இலவச மென்பொருள்களை ஓட்டலாம். ஃபோட்டோ ரெக்கில் ஃபைலின் பழைய பெயர் கிடைக்காது, படம் கிடைக்கும்.

லேபுக்குப் போகும் முன்

'டக்... டக்' டிஸ்க்குக்கு தூசியில்லாத 'கிளீன் ரூம்' உள்ள லேப்தான் வழி. சீகேட்டின் சில மாடல்களுடன் 'ரெஸ்க்யூ' என்ற டேட்டா மீட்புச் சேவை சேர்ந்தே வரும். பில்லும் பெட்டியும் இருந்தால் பாருங்கள். சாதாரண வாரன்டியில் புது டிஸ்க் கிடைக்கும், டேட்டா கிடைக்காது.

லேபில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிளீன் ரூம் இருக்கிறதா? டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா?

டேட்டா கிடைத்ததும் இரண்டு காப்பி எடுங்கள். ஒன்று உடுமலை பீரோவில் இருக்கட்டும்; இன்னொன்று வெளியூரில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும்.